இரண்டாம் ஓலை நிற்க

போன வாரம் சைக்கிள் பழகிய கதையை ஆரம்பித்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீயின் பெருமையில் முடித்திருந்தேன். வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வீட்டில் பொறுக்கவில்லை. "தலைப்பு சைக்கிள்னு இருக்குது, உள்ள டீ ஆத்திக்கினு இருக்கீங்க" என்று பத்திரிகை என் முன்னால் வந்து விழுந்தது. அந்தக் குரலுக்கு உரியவளைப் பற்றித்தான் இந்த வாரம். தலைப்பு மாறாமல் எழுத முயல்கிறேன்.

கரும்பலகையில் 'உறவுமுறைக் கடிதம்' என்று எழுதி அதன்கீழ் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு பாதி போயிருக்கும், வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. எனக்காக அவர்கள் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. திரும்பிப் பார்த்தேன்.

வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். கையில் பிரித்த இன்லாண்ட் லெட்டர்.

மூன்று வாரத்தில் எனக்கு மனைவியாக வேண்டிய பெண். விழுப்புரத்துக்காரி. பெண் பார்க்கப் போன அன்று ஒரு தடவை, நிச்சயத்தன்று ஒரு தடவை, ஆக இரண்டு தடவை பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது என்னைப் பார்த்தாள். அந்தத் தரை எப்படித் தாங்கியது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாம்."

"இதுல நிக்கச் சொல்லியிருக்கீங்களா, நகரச் சொல்லியிருக்கீங்களா?"

எனக்குப் புரியவில்லை. புரியாதபோது ஆசிரியர்கள் செய்வதைச் செய்தேன், சாக்பீஸை இரண்டாக உடைத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். என்னைவிட நான்கு வயது மூத்த மாணவர். பத்தாவது பாஸ் செய்தால்தான் கண்டக்டர் லைசென்ஸ் என்பதால் தமிழை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்.

"சார், நீங்க மொதல்ல உக்காருங்க. நாங்க நின்னுக்கினு இருக்கோம்."

புள்ளி வைக்காதவன்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. மழைக்காக எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷம்.

நான் வேலை பார்த்த டுடோரியல், திண்டிவனத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே பெஞ்சுகள் மெல்ல நகரும். முதல் பீரியடில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மூன்றாம் பீரியடில் கதவோரம் இருப்பார். கேப்பை மாவு வாசனையில்தான் நான் இலக்கணம் நடத்தினேன். இன்றைக்கும் கேப்பைக் கூழைக் கண்டால் ஆகுபெயர் ஞாபகம் வருகிறது.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. நம் முன்னோர் ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளி வைத்தார்களா? கால்புள்ளி வைத்தார்களா? பிறகு நான் மட்டும் ஏன் வைக்க வேண்டும்? ஆகவே வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். மாணவர்கள் புள்ளி விட்டால் அரை மார்க் குறைப்பேன். கொள்கை எனக்கு மட்டும்தான்.

ஒரு விஷயத்திலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமே? அதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: 'நிற்க'. நலம், நலமறிய அவா, நிற்க. வந்த விஷயம் அங்கே நிற்கட்டும், நாம் மேலே போவோம் என்று பொருள். புள்ளி வைக்காதவனுக்கு இதைவிட வசதி ஏது? நான் கடிதம் முழுக்க நிற்க நிற்க என்று நட்டு வைப்பேன்.

இனி கடிதம். வருங்கால மாமனாருக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன். அசல் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. எதிரி வசம் சிக்கிய ஆவணம்.

"அன்புள்ள மாமா அவர்களுக்கு நலம் நலமறிய அவா இங்கே சென்ற ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தாயிற்று இரண்டாம் ஓலை வரும் ஞாயிறு நிற்க கிளியனூரில் ஒரு மாதமாக மழையே இல்லை நிற்க பெரியம்மாவின் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது நிற்க தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது நிற்க மற்றவை நேரில்"

ஓலை என்றது சுவடி அல்ல. எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் ஊரிலும் பையன் ஊரிலும் கோயிலில் இரண்டு பேரையும் சொல்லி அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். மூன்று ஓலையும் இரண்டு ஊரிலும் தடையில்லாமல் தாண்டினால்தான் தாலி.

விழுப்புரத்தில் சிவப்புக் கொடி

என் மாமனார் ஆரோக்கியசாமி, விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் நில் என்றால் நில். அதற்கு உள்ளர்த்தம், இலக்கிய நயம் எதுவும் கிடையாது. இருந்தால் இரண்டு வண்டி மோதிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடிதம் போய்ச் சேர்ந்தது. வாசலிலேயே பிரித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படித்திருக்கிறார். 'இரண்டாம் ஓலை வரும் ஞாயிறு நிற்க.' அதற்குமேல் கண் ஓடவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சாயந்திரம் கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம், இந்த ஞாயிறு எங்கள் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருஷம் ரெஜினாவுக்கு வேறோர் இடம் நிச்சயமாகி முதல் ஓலையும் வாசித்திருந்தார்கள். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கார்டு வந்தது: 'இப்போதைக்கு நிற்கட்டும்.' காரணம் சொல்லவில்லை. கோயிலில் பேர் படித்து நின்றுபோன பெண் என்று ஒரு வருஷம் அவள் தெருவில் நடந்திருக்கிறாள்.

இரண்டாவது தடவையும் நின்றால்? அடுத்து வருவது கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு வாரம், அதில் எங்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒரு ஓலை தவறினால் கல்யாணம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். அதுவரை ஊர் வாயை யார் கட்டுவது?

சனிக்கிழமை காலையில்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார். நடந்த பேச்சை ரெஜினா எனக்கு இத்தனை வருஷத்தில் நாற்பது தடவையாவது நடித்துக் காட்டியிருப்பாள்.

"நைனா, காயிதத்தக் குடுங்க."

"அதுல இன்னா இருக்குது பாக்கறதுக்கு? போன வாட்டி வந்தவன் 'நிக்கட்டும்'னான். இவன் தமிழ் வாத்தி, 'நிற்க'ன்றான். அவ்ளோதான் வித்தியாசம்."

அவள் வாங்கி, முழுசாக, கடைசி மடிப்பு வரை படித்தாள். பிறகு ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை.

"நைனா, கிளியனூர்ல ஒரு மாசமா மழையே இல்லியாம்."

"இல்லன்னா போவட்டும். இப்ப மழதான் ஒனக்கு பேஜாரா?"

"பெய்யாத மழைய இவரு எப்படி நைனா நிக்கச் சொல்லுவாரு?"

ஆரோக்கியசாமி எழுந்து உட்கார்ந்தார்.

"ஆட்டக் கூட நிக்கச் சொல்றாரு பாருங்க. குட்டி போட்ட ஆடு, பாவம். ஒங்க முட்டியையும் நிக்கச் சொல்றாரு."

"அதான் எனக்குக் கோவம். முட்டி வலின்னு தெரிஞ்சிக்கினே நிக்கச் சொல்றான்."

"அய்யோ நைனா. இது ஒவ்வொரு சேதிக்கும் நடுவுல போட்டுக்கினு போற வார்த்த. வேலி மாதிரி. ஓலைக்கு அந்தாண்ட ஒரு வேலி, மழைக்கு அந்தாண்ட ஒரு வேலி."

நான் படித்த எந்த உரையாசிரியரும் இவ்வளவு சுத்தமாக ஒரு பாடத்தை மீட்டதில்லை. அதுவும் தன் கல்யாணம் நின்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில்.

மாமனாருக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதி வரவில்லை. "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. சாமியார் கிட்ட போய் மழையும் ஆடும் சாட்சின்னு சொல்ல முடியுமா? அஞ்சு மணிக்கு அவரு நாளைக்கு வாசிக்கறத நோட்டுல எழுதிடுவாரு. ரெண்டாவது வாட்டியும் பேரப் படிச்சி நின்னு போச்சுன்னா, அப்புறம் ஒன் பேர எவன் படிப்பான்?"

"அஞ்சு மணிக்குள்ள அவரு கைப்பட எழுதினது வந்தா?"

"யாரு போயி வாங்கறது? என் முட்டியா போவும்?"

அவள் தபால் ஆபீஸில் தன் மத்தியான ஷிப்டை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள்.

பெரியப்பாவின் நாலாவது பத்தி

இங்கே கொஞ்சம் விலகுகிறேன். சொல்லிவிட்டு விலகுவது என் வீட்டுச் சட்டப்படி குற்றமில்லை.

தலைப்பில்லாமல் எழுதுவது எங்கள் குடும்ப வியாதி. சொந்த ஊரான கிளியனூரில் இருந்த என் பெரியப்பா, வெளியூரில் இருந்த அப்பாவுக்கு எழுதுவார்: மல்லாட்டைக் கடலையில் இந்தத் தடவை பொக்கு அதிகம், மாட்டுக் கொட்டகைக்குக் கீற்று மாற்றினோம், உன் சைக்கிளை எலி கடித்துவிட்டது. இப்படியே மூன்று பத்தி போகும். நாலாவது பத்தியில், 'அப்பா இறந்து நேற்றோடு எட்டு நாள்.' அதற்கடுத்த வரி, புளியம்பழம் உலுக்குவது பற்றி. எலி கடித்த இடத்திலேயே சிரித்துவிட்டுக் கடிதத்தை மூடி வைத்த என் அப்பா, தன் தகப்பன் போன சேதியை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் படித்தார். எலிக்குச் சிரித்ததை அவர் கடைசி வரை மன்னித்துக்கொள்ளவில்லை.

பெரியப்பாவுக்குத் தன் அப்பா மேல் பாசம் இல்லாமலா? மனசில் வந்த வரிசையில் எழுதினார், அவ்வளவுதான். அதையே நான் புள்ளியில்லாமல் செய்தேன். எனக்கும் அவருக்கும் வித்தியாசம், நான் அதை இலக்கியம் என்று நினைத்தேன்.

எந்த அறையில் போடறது?

மாவு மில் மொட்டைமாடிப் படிக்கட்டில் நின்று அவள் சொன்னதைக் கேட்டேன். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. வகுப்பு சௌகரியமாகக் கேட்டது.

"மன்னிச்சுடுங்க" என்றேன். "நிற்க என்றால் நிற்க இல்லை. சொல்லி முடித்தாயிற்று என்று அர்த்தம். பழைய மரபு."

"மரபு எனக்குப் புரிஞ்சிச்சுங்க. எங்க நைனாவுக்குப் புரியணும் இல்ல?"

அவள் விழுப்புரம் ஜங்ஷனில் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தாள். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அது என்ன வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்க ஆபீஸ்ல சொவுரு முழுக்க அற அறையா கட்டி வெச்சிருக்கும். ஒரு காயிதம் கையில வந்தா, பாத்த ஒடனே ஒரு அறையில போடணும். ஒரே காயிதம் செஞ்சிக்கும் போவணும் பண்ருட்டிக்கும் போவணும்னா போவுமா? நீங்களே சொல்லுங்க, இத நான் எந்த அறையில போடறது? ஓலை அறையிலயா, ஆட்டுக்குட்டி அறையிலயா?"

இருபத்தெட்டு வயது வரை உரைநடை பற்றி எத்தனையோ கேட்டிருந்தேன். இதுபோல ஒரு கேள்வி கேட்டதில்லை.

"என்ன செய்ய வேண்டும்?"

"ஒரு காயிதத்துல ஒரு சேதி. எடமில்லன்னா கோடு போட்டுட்டு மேல தலைப்பு எழுதுங்க. முக்கியமான சேதி இன்னொண்ணோட வால்ல தொங்கக் கூடாது. சாமியாருக்கு எழுதுங்க, ஜல்தி, மணி ஒண்ணாவப் போவுது."

ஏழுமலை தன் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். நான் சுவரில் வைத்து, 'பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அருட்தந்தை அவர்களுக்கு நலம் நலமறிய' என்று ஆரம்பித்தேன். அவள் விரல் தாளின் மேல் வந்து நின்றது.

"அவாவெல்லாம் அப்புறம். மொதல்ல தலைப்பு."

'பொருள்: இரண்டாம் ஓலை' என்று எழுதினேன்.

"வாசிக்கலாமா, கூடாதா?"

'இந்த ஞாயிறு தவறாமல் வாசிக்கவும்' என்று எழுதினேன். பேனா தாளைவிட்டு எழுந்தது. அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் புள்ளி வைத்தேன். ஏழு மாதத்தில் நான் வைத்த முதல் முற்றுப்புள்ளி. வைக்கும்போது வலிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"பெரியம்மாவின் ஆடு..." என்று இழுத்தேன்.

"அதுக்குத் தனி காயிதம் போடுங்க. கிடாவா பெட்டையான்னு எங்கம்மா கேட்டாங்க." அப்போதுதான் முதல் தடவையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

ஏழுமலை அதற்குள் படியிறங்கி ஓடியிருந்தார். விழுப்புரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். நடுரோட்டில் கையை விரித்து நின்று, மாடியைப் பார்த்துக் கத்தினார்: "சார், நான் நிறுத்துன்னா நிக்குது பாருங்க! நம்ம ஊரு வண்டிக்கு இலக்கணம் தெரியும் சார்!"

கேஸ் அடுப்பு

இப்போது எல்லாம் மின்னஞ்சல். எழுதுமுன் 'பொருள்' என்று அதுவே ஒரு கட்டத்தை நீட்டுகிறது. ஆனாலும் பெரியப்பாவின் ரத்தம் எங்கே போகும்?

இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் படிக்கும் மகளுக்கு, 'கேஸ் அடுப்பு எது வாங்கலாம்' என்று நான் ஒரு மடல் போட்டேன். அதற்கே அவள் பதில் போட்டாள், அதற்கே நான் போட்டேன். அடுப்பு வாங்கி, அது பழசும் ஆகிவிட்டது. காய்ச்சல், பரீட்சை, தோழி கல்யாணம் எல்லாம் கேஸ் அடுப்பின் மேலேயே கொதித்தன. ஒவ்வொரு மடலின் அடியிலும் அதுவரை எழுதிய அத்தனையும் வாலாக வேறு. ஒருநாள் கேஸ் அடுப்பு என்று மறுபடி வந்ததும், இவளுக்கு இன்னும் அடுப்பு தீரவில்லையா என்று திறக்காமல் விட்டேன். அவளுக்கு வேலை கிடைத்த சேதி அது. நான்கு நாள் வாழ்த்துச் சொல்லாத தகப்பன் ஆனேன்.

அவள் அம்மாவிடமிருந்து மட்டும் அன்றே பதில் போயிருந்தது. நானே திறந்து படிக்கட்டும் என்று என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். வாலை வெட்டி, மகள் எழுதியதில் தேவையான ஒரே வரியை மட்டும் மேலே வைத்து, அதன்கீழ் தன் பதில். தலைப்பில், 'வேலை (முன்: கேஸ் அடுப்பு)'.

அந்த அடைப்புக்குறியை அம்மா எங்கோ படித்துத் தெரிந்துகொண்டாளா என்று கேட்டாள் மகள். இல்லையம்மா. நான் அதை முதலில் பார்த்தது இன்லாண்ட் லெட்டரில்.

மூன்று ஞாயிறு

அந்த ஞாயிறு எங்கள் கோயிலில் என் பேரும் அவள் பேரும் வாசிக்கப்பட்டன. என் காதில் பாதிதான் விழுந்தது. விழுப்புரத்தில் வாசித்தார்களா? பஸ் ஐந்து மணிக்குள் போயிற்றா? சாமியாருக்கு என் கையெழுத்து புரிந்ததா? போன் செய்ய இரண்டு வீட்டிலும் போன் இல்லை. திங்கள் முழுக்க மாவு மில் ஓடியது, பெஞ்சுகள் நகர்ந்தன, நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

செவ்வாய் வந்தது இன்லாண்ட். குண்டு குண்டான, பிசிறில்லாத எழுத்து.

'பொருள்: இரண்டாம் ஓலை. நீங்கள் எழுதியது: தவறாமல் வாசிக்கவும். பதில்: வாசித்தார்கள். நைனா முட்டி வலியோடு எழுந்து நின்று கேட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.'

கீழே ஒரு கோடு.

'பொருள்: ஆட்டுக்குட்டி. நீங்கள் இன்னும் எழுதவில்லை.'

அன்றே எழுதினேன். ஒன்று கிடா, ஒன்று பெட்டை. புள்ளி வைத்து எழுதினேன்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையும் இரண்டு ஊரிலும் தாண்டியது. அந்தச் செவ்வாயன்று கிளியனூர், திண்டிவனம் பக்கமெல்லாம் மழை பிடித்துக்கொண்டு விடாமல் கொட்டியது. தபால்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்து, ஓரம் நனைந்த ஒரு இன்லாண்டைக் கொடுத்தார். மூன்று மடிப்பும் வெறுமையாக இருந்தது. உச்சியில் மட்டும் தலைப்பு:

'பொருள்: கல்யாணம் (முன்: ஓலை).'

அதன்கீழ் ஒரே வரி.

'இந்தத் தலைப்பை மட்டும் இனி மாற்றக் கூடாது.'